சாயம் ஏறிய சிறகு

2010 மார்ச் 9 அன்று பாரிஸில் ஒரு பழைய மாளிகைக்குள் ஃபேஷன் பத்திரிகையாளர்கள் சிறு சிறு குழுக்களாக அழைக்கப்பட்டார்கள். பெரிய ரேம்ப் மேடை இல்லை, கூட்டம் இல்லை. உடைகளை வடிவமைத்த அலெக்சாண்டர் மக்வீன் இறந்து ஒரு மாதம்கூட முடிந்திருக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற பதினாறு உடைகளை, அவரோடு நெடுங்காலம் வேலைபார்த்த சாரா பர்ட்டனும் பட்டறைக்காரர்களும் முடித்து மாடல்களுக்கு உடுத்தியிருந்தார்கள். மாடல்களின் தலைகள் கட்டுப்போட்டதுபோலத் துணியால் இறுகச் சுற்றப்பட்டிருந்தன. சிலருக்கு உச்சியில் பொன் பூசிய இறகுகள் சேவலின் கொண்டைபோல நின்றன. கடைசியாக வந்தது ஒரு கோட்டு: உடம்போடு ஒட்டிய வெட்டு, நிமிர்ந்த காலர், முழுக்கப் பொன்வண்ணம் தீட்டிய வாத்து இறகுகள். கீழே வெள்ளை வலைத்துணிப் பாவாடை, அதில் பொன்னிழைப் பூவேலை.

கறுப்பு அதில் அறவே இல்லை. ஆனாலும் அந்தக் கோட்டைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இருளைப் பற்றியே எழுதினார்கள். படைத்தவரின் சாவு அந்த அறையில் நிறைந்திருந்ததுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. இருண்ட தேவதூதர் என்ற உருவத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு வயது. ஃபேஷன் மேடை அதைக் கடன்வாங்கியது நேற்றுத்தான். வாங்கிய கடனை எல்லோரும் ஒரேமாதிரிச் செலவழிக்கவுமில்லை.

முதலில் சொல்லைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குச் சம்மனசு, சீர்திருத்தச் சபையாருக்குத் தேவதூதன், முஸ்லிம்களுக்கு மலக்கு. சினிமாப் பாட்டிலும் நகைக்கடை விளம்பரத்திலும் வரும் ‘தேவதை’ இவை எதுவுமல்ல. அவள் வெறும் அழகி. ஆனால் அதே சொல்லுக்கு நம் கிராமத்தில் இன்னொரு முகமும் உண்டு. துஷ்ட தேவதை என்றால் யாரும் அழகைப் பற்றிப் பேசமாட்டார்கள், வேப்பிலையைத் தேடுவார்கள். ஒரே சொல் இரண்டு பக்கமும் சாய்வது நமக்குப் புதிதல்ல. ஐரோப்பியக் கலைக்கும் அது புதிதல்ல என்பதுதான் இங்கே விஷயம்.

ஆதிக் கிறிஸ்தவ ஓவியங்களில் தேவதூதருக்குச் சிறகே கிடையாது. ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையின் சுவரில் மரியாளிடம் செய்தி சொல்ல வரும் உருவம் சாதாரண மனிதனாகத்தான் நிற்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில்தான் சிறகு முளைக்கிறது. இஸ்தான்புல்லில் கிடைத்த ஒரு கல் சவப்பெட்டியில் சிறகோடு பறக்கும் தேவதூதர்களைப் பார்க்கலாம். அந்தச் சிறகு கிரேக்க, ரோமானிய வெற்றித் தெய்வத்தின் தோளிலிருந்து எடுக்கப்பட்டது. ஆக, சிறகு என்பதே தேவதூதருக்கு இரவல் உடைதான். தையல்காரர்கள் பின்னால் அதில் கைவைத்தது பெரிய அத்துமீறல் ஒன்றுமில்லை.

இருண்டவர் எப்போது வருகிறார்? இத்தாலியில் ரவென்னா நகரின் புதிய சந்த் அப்போலினாரே ஆலயத்தில் ஆறாம் நூற்றாண்டு மொசைக் ஒன்று உண்டு. நடுவில் கிறிஸ்து அமர்ந்து செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கிறார். செம்மறிகள் பக்கம் ஒரு தேவதூதர், உடல் உடை சிறகு எல்லாமே சிவப்பு. வெள்ளாடுகள் பக்கம் இன்னொருவர், முழுக்க நீலம். நீலமானவரைச் சாத்தானின் மிகப் பழைய உருவமாகப் பலர் கருதுகிறார்கள். சிவப்பு ஒளியையும் நீலம் இரவையும் குறிக்கிறது, அவ்வளவுதான் என்பவர்களும் உண்டு. எது சரியானாலும் என் கண்ணில் படுவது வேறு. நீலமானவருக்குக் கொம்பு இல்லை, வால் இல்லை, கோரைப்பல் இல்லை. சிவப்பானவருக்கு இருக்கும் ஒளிவட்டம் இவருக்கும் இருக்கிறது. இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்போல இருக்கிறார்கள். வேறுபட்டது சாயம் மட்டும்.

இந்த நுட்பம் வெகுநாள் நீடிக்கவில்லை. இடைக்காலத்தில் சாத்தானுக்கு வௌவால் இறக்கை வந்து ஒட்டிக்கொண்டது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நரகத்தின் அடியாழத்தில் நிறுத்தும் லூசிஃபருக்கு ஆறு இறக்கைகள், ஒன்றிலும் தூவி கிடையாது, எல்லாம் வௌவாலின் தோல். அவை அடிக்கும் காற்றில்தான் நரகத்தின் ஏரி உறைந்து கிடக்கிறது. நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் மிக்கேல் சம்மனசு சொரூபத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பாகுபாடு பழக்கமானது. மேலே ஈட்டியோடு நிற்பவருக்கு வெள்ளைத் தூவிச் சிறகு. காலடியில் மிதிபடும் கரியவனுக்குத் தோல் இறக்கை. யாரை வணங்குவது என்பதில் குழப்பம் வரக்கூடாது அல்லவா?

ஆனால் குழப்பம் வந்தது, அதுவும் ஆலயத்துக்குள்ளேயே. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் புனித பவுல் பேராலயத்துப் பிரசங்க மேடையின் அடியில் வைக்கச் சாத்தானின் பளிங்குச் சிலை ஒன்று செய்யும் வேலை ஜோசஃப் கீஃப்ஸ் என்ற சிற்பியிடம் தரப்பட்டது. 1842இல் செய்து முடித்தார், மறு ஆண்டு நிறுவினார்கள். வௌவால் இறக்கை இருந்தது, ஆனால் அதற்குள் அமர்ந்திருந்தவன் பேரழகனான இளைஞன். பிரசங்கத்துக்கு வருபவர்களின் கவனத்தை இந்த அழகு கலைக்கிறது என்று புகார் கிளம்ப, சிலையை எடுத்துவிட்டார்கள். மாற்றுச் சிலை செய்யும் பொறுப்பு ஜோசஃபின் அண்ணன் கியோமிடம் போயிற்று. 1848இல் அவர் கொண்டுவந்து வைத்தவனுக்குச் சிறு கொம்புகள், காலில் விலங்கு, அருகில் கடித்த கனி, முறிந்த செங்கோல். குற்றவாளி என்பதற்கான அடையாளம் எல்லாம் சேர்த்தாயிற்று. ஆனால் இவன் முன்னவனைவிட அழகன்! கன்னத்தில் ஒரு துளிக் கண்ணீர் வேறு. இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

அதே காலத்தில், 1847இல், அலெக்சாந்தர் கபனெல் என்ற இளம் பிரெஞ்சு ஓவியர் ‘வீழ்ந்த தேவதூதன்’ வரைந்தார். மோன்பெலியே நகரின் ஃபாப்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மடித்த முழங்கைக்கு மேலே கண் நம்மைப் பார்க்கிறது. சிவந்த கண், நீர் ததும்பும் கண். முக்கியமானது இவனுடைய சிறகு. வௌவால் தோல் இல்லை, தூவிதான். அந்தத் தூவி நுனியை நோக்கிப் போகப் போகக் கருமையேறுகிறது. ரவென்னாவின் நீல உருவத்துக்குப் பிறகு மறுபடி சாயத்தின் கணக்கு. கொம்பும் வாலும் இருந்தால் அது பேய். தூவி அப்படியே இருந்து நிறம் மட்டும் மாறினால், அது எதையோ இழந்த ஒருவரின் உருவம். ஃபேஷன் மேடையில் எது வேடமாக நின்றுவிட்டது, எது உடையாக ஆனது என்று தரம் பிரிக்க எனக்கு இந்த வித்தியாசம்தான் அளவுகோல்.

மேடைக்குச் சம்மனசுகளைப் பெரும் எடுப்பில் இறக்கியவர் பிரெஞ்சு வடிவமைப்பாளர் தியெரி மூக்ளேர். 1984 மார்ச்சில் பாரிஸின் ஸெனித் அரங்கில் ‘தேவதூதர்களின் குளிர்காலம்’ என்ற காட்சியை நடத்தினார். சுமார் 6000 பேர் பார்த்தார்கள். வணிகர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் மட்டுமான ஃபேஷன் ஷோவுக்குப் பொதுமக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தது அன்று அதிசயம். முடிவில் மாடல் பாட் கிளீவ்லண்ட் மேகப் புகைக்கு நடுவே மாதாவாகக் கூரையிலிருந்து இறங்கினார். அப்போது அவர் நிஜமாகவே கர்ப்பிணி. மூக்ளேர் பிறந்தது ஸ்ட்ராஸ்பூரில். அந்த ஊர்ப் பேராலயத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் ‘தேவதூதர் தூண்’ நிற்கிறது, அடுக்கடுக்கான உருவங்களோடு, அவற்றில் சில எக்காளம் ஊத. இளமையில் அவர் அந்த ஊர் இசைநாடக அரங்கில் பாலே ஆடியவர். ஆகவே கோயிலின் உயரமும் நாடகத்தின் கயிறும் அவருக்குக் கைவந்தவை. ஆனால் அவருடைய வானத்தில் துக்கம் இல்லை, பளபளப்புதான் உண்டு. எட்டு ஆண்டு கழித்து அவர் பெயரில் வந்த வாசனைத் திரவியத்தின் பெயரும் ‘ஏஞ்சல்’தான்.

துக்கத்தைக் கொண்டுவந்தவர் மக்வீன். லண்டனின் கிழக்குப் பகுதியில் டாக்சி ஓட்டுநரின் கடைசிப் பிள்ளை. பதினாறு வயதில், லண்டனின் தையல் தெருவான சாவில் ரோவில் ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் தையலகத்தில் தொழில் பழகச் சேர்ந்தவர். கோட்டின் தோளை உருட்டுவது, உள்துணியைக் கையால் தைத்து மார்புக்கு வடிவம் தருவது எல்லாம் அங்கே படிந்தவை. இதை மறந்துவிட்டு அவருடைய மண்டையோடுகளையும் இறகுகளையும் மட்டும் பார்ப்பவர்கள் அவரை வெறும் பயங்காட்டியாக எண்ணிவிடுகிறார்கள்.

1996 மார்ச்சில் அவர் ‘தாந்தே’ என்ற தொகுப்பை ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறிஸ்து ஆலயத்தில் காட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டில் நிக்கலஸ் ஹாக்ஸ்மோர் கட்டிய கோயில் அது. மேடை சிலுவை வடிவில் இருந்தது. முதல் வரிசை நாற்காலி ஒன்றில் பத்திரிகை ஆசிரியர்களுக்கு நடுவே ஓர் எலும்புக்கூட்டை உட்காரவைத்திருந்தார். முகத்துக்குக் குறுக்கே சிலுவை நிற்கும் கறுப்பு முகமூடி ஒன்று. போர்ப் புகைப்படங்கள் அச்சிட்ட கோட்டுகள். சருமநிறத் துணிமேல் கறுப்பு லேஸ். தாந்தேயின் பெயரைச் சூட்டியிருந்தும் வௌவால் இறக்கை கட்டிய பேய்களை ஊர்வலம் விடவில்லை. மதமும் போரும் சாவும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இடத்தில் ஒரு பெண் அழகாக உடுத்தி நடந்தால் எப்படி இருக்கும் என்பதே அவருடைய கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

அவருக்கும் சறுக்கியது உண்டு. 1997 ஜனவரியில் ஷிவான்ஷி நிறுவனத்துக்காக அவர் செய்த முதல் உயர்தையல் தொகுப்பு முழுக்க வெள்ளையும் பொன்னும். மாடியில் ஓர் ஆண் மாடல், மார்க்கஸ் ஷென்கன்பர்க், பெரிய சிறகுகளைக் கட்டிக்கொண்டு கிரேக்கக் கதையின் இக்காரஸாக நின்றார். விமர்சகர்கள் அந்தத் தொகுப்பை வறுத்தெடுத்தார்கள். படங்களைப் பார்க்கும்போது எனக்கும் அந்தச் சிறகு ஒட்டவில்லை. உடம்புக்குப் பின்னால் மாட்டிய அலங்காரமாகத்தான் தெரிகிறது.

சிறகு கட்டுவதில் உள்ள நடைமுறைச் சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். மாதா கோயில் தேர்பவனியில் சம்மனசு வேடம் போடும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? அட்டையில் வெட்டிய சிறகு, மேலே பஞ்சு அல்லது ஜிகினா, தோளைச் சுற்றி எலாஸ்டிக். முன்னாலிருந்து பார்த்தால் சிறகைவிட எலாஸ்டிக்தான் துருத்திக்கொண்டு தெரியும். பிள்ளை குனிந்தால் சிறகு தலைக்கு ஏறும், உட்கார்ந்தால் நாற்காலி முட்டும். விக்டோரியாஸ் சீக்ரெட் உள்ளாடை நிறுவனம் 1998 முதல் தன் மேடையில் கோடி கோடியாகச் செலவழித்துச் செய்ததும் இதே வேலைதான்; எலாஸ்டிக்குக்குப் பதில் உள்ளாடைக்கு அடியில் மறைத்த சட்டகம். வெள்ளைச் சிறகு, கறுப்புச் சிறகு, சிவப்புச் சிறகு என்று ஆண்டுதோறும் மாற்றினார்கள். கறுப்பு வந்தபோதும் அதில் இருள் வரவில்லை. இன்னொரு நிறம் வந்தது, அவ்வளவே. 2019இல் காட்சி நின்றது, 2024இல் திரும்பிவந்தது. இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை.

மக்வீன் சிறகைக் கழற்றிவிட்டு இறகை எடுத்துக்கொண்டார். அங்கேதான் அவர் வென்றார். 2009 மார்ச்சில் ‘செழிப்பின் கொம்பு’ என்ற தொகுப்பு. மேடை நடுவில் அவருடைய பழைய காட்சிகளின் தட்டுமுட்டுச் சாமான்கள் கறுப்புக் குப்பை மேடாகக் குவிந்திருந்தன. அந்தத் தொகுப்பில் ஓர் உடை முழுக்கக் கறுப்பு வாத்து இறகு. இடுப்பு குறுகி, தோள்கள் இரண்டும் மனிதத் தோளின் அளவைத் தாண்டி மேலெழுந்து விரிகின்றன. பறவை இறங்கி அமர்ந்ததும் சிறகை முழுதாக மடக்குவதற்குமுன் ஒரு கணம் தூக்கிவைத்திருக்குமே, அந்த நிலை. முதுகில் எதுவும் கட்டவில்லை. தோளே சிறகாகிவிட்டது. சாவில் ரோவில் பழகிய கை இதில்தான் தெரிகிறது. ஆண்களின் கோட்டில் தோளுக்குக் கம்பீரம் கொடுக்கும் அதே கணக்கு, பஞ்சுப்பட்டைக்குப் பதில் இறகு.

கறுப்பு இறகு செய்வது சின்ன வேலையல்ல. வாத்து இறகில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கிறது, தண்ணீரை உதறுவதற்காகவே அமைந்தது. அதைச் சோப்பு நீரில் கழுவி எடுக்காவிட்டால் சாயம் ஏறாது. பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்தைத்தான் இறகுக்கும் போடுகிறார்கள், மூன்றுமே புரதம். நனைந்த இறகு ஈர்க்குச்சிபோல ஒடுங்கிவிடும். நீராவி காட்டினால் மறுபடி விரியும். பிறகு மழுங்கிய கத்திமுனையில் தூவியை இழுத்து இழுத்துச் சுருள வைக்க வேண்டும். பாரிஸில் 1880இல் தொடங்கிய லெமாரியே போன்ற இறகுப் பட்டறைகளில் இன்றும் இது கைவேலைதான். இப்படி உழைத்துக் கிடைக்கும் கறுப்பும் ஒரே கறுப்பாக இருக்காது. துணியின் கறுப்பு மேடை விளக்கை விழுங்கிவிடும். இறகின் கறுப்போ நடையின் அசைவில் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பழுப்பாகவும் மின்னும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் துக்க உடைக்கு மினுமினுப்பே கூடாது என்று கிரேப் துணியைச் சுருக்கி மங்கவைத்தார்கள்; கோர்ட்டால்ட் நிறுவனம் அந்த மங்கலை விற்றே பெரும் செல்வம் சேர்த்தது. இறகின் கறுப்பு அதற்கு நேர்மாறு, துக்கத்திலும் மினுங்குவது. கபனெலின் தூவி நுனியில் இருப்பதும் இந்தக் கறுப்புதான்.

இன்னொரு இருளையும் மறைக்கக் கூடாது. இறகு ஒரு பறவையின் உடம்பிலிருந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்காகக் கொக்குகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டதை எதிர்த்தே 1889இல் இங்கிலாந்தில் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. 1902இல் இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. வாத்தும் வான்கோழியும் வளர்ப்புப் பறவைகள் என்று பட்டறைகள் சொல்லும். கோபன்ஹேகன் ஃபேஷன் வாரமோ காட்டுயிர்களின் தோலோடு இறகுக்கும் 2025 முதல் தடை போட்டது. தேவதூதரின் சிறகு எங்கிருந்து வந்தது என்று கேட்கப்படும் காலம் இது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். மக்வீனின் உடையை வியக்கும்போதும் அது தொண்டையில் நிற்கிறது.

2007 மே மாதம் இஸபெல்லா பிளோ இறந்தார். மாணவர் மக்வீனின் தேர்வுத் தொகுப்பு முழுவதையும் 5000 பவுண்டுக்கு வாங்கி அவரை உலகுக்குக் காட்டியவர் அவர். அந்த அக்டோபரில் மக்வீனும் தொப்பிக் கலைஞர் ஃபிலிப் டிரேசியும் அவருக்குக் காணிக்கையாக நடத்திய காட்சியில் மேடைக்குப் பின்னால் விளக்குகளாலான பிரம்மாண்டச் சிறகுகள் விரிந்தன. சிறகை யார் முதுகிலும் கட்டவில்லை, வெறும் ஒளியாக விட்டுவிட்டார்கள். 2010 பிப்ரவரி 2 அன்று மக்வீனின் தாய் ஜாய்ஸ் இறந்தார். ஒன்பது நாள் கழித்து, தாயின் அடக்கத்துக்கு முந்தைய நாள், மக்வீன் இறந்தார். வயது 40.

அப்போது பட்டறையில் இருந்தவைதான் அந்தப் பதினாறு உடைகள். முந்தைய தொகுப்பில் கணினி அச்சின் உச்சத்தைத் தொட்டுவிட்டு, இம்முறை கத்தரியும் கையுமாக உருவத்தின்மீதே துணியைப் போட்டு வெட்டியிருந்தார். துணிகளில் வந்தவை பழைய ஆலயங்களின் உருவங்கள்: ஷ்டெஃபான் லோக்னர் பதினைந்தாம் நூற்றாண்டில் கொலோனுக்கு வரைந்த பீட ஓவியம், ஹூகோ வான் டெர் கூஸின் தேவதூதர், ஹிரோனிமஸ் பாஷின் நரகவாசிகள். ஓவியங்களைப் படமெடுத்து, சில இடங்களில் துணியில் அச்சிட்டும், சில இடங்களில் நெசவிலேயே கொண்டுவந்தும் இருந்தார்கள். ஒரு சாம்பல்நிற உடையில் கல்லில் செதுக்கியதுபோன்ற சிறகுகள் துணியின் மடிப்போடு மடிப்பாக உடம்பைத் தழுவிக் கிடக்கின்றன. நடந்தால் சிறகு அசைகிறது, ஆனால் விரியாது. விரிக்க முடியாத சிறகு. பாஷின் பிசாசுகளும் லோக்னரின் புனிதர்களும் ஒரே பட்டில், ஒரே பளபளப்பில் வருகிறார்கள். கொம்புள்ளவர் எந்தப் பக்கம், ஒளிவட்டம் உள்ளவர் எந்தப் பக்கம் என்று துணி பிரித்துச் சொல்வதில்லை.

மறு ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய உடைகளைக் காட்சிக்கு வைத்தபோது 6,61,509 பேர் வந்தார்கள். 2018இல் அதே அருங்காட்சியகம் கத்தோலிக்கக் கற்பனையும் ஃபேஷனும் என்று நடத்திய கண்காட்சிக்கு 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர். வத்திக்கானே திருவுடைகளை அனுப்பிவைத்தது. அந்தக் கண்காட்சியின் தொடக்க விருந்துக்குப் பாடகி கேட்டி பெர்ரி ஆளுயரச் சிறகுகளோடு வந்தார். காருக்குள் அவை அடங்கவில்லை. மேலே திறந்த வண்டியில்தான் வந்து சேர முடிந்தது.

2010இன் அந்தக் கடைசித் தொகுப்புக்கு மக்வீன் பெயர் வைத்திருக்கவில்லை. தன் தொகுப்புகளுக்குப் பெயர் சூட்டுவதில் அவ்வளவு ஆர்வம் காட்டியவர், இதற்கு வைக்க நேரம் கிடைக்காமல் போய்விட்டார். ‘தேவதூதர்களும் பிசாசுகளும்’ என்று இன்று எல்லோரும் சொல்வது மற்றவர்கள் ஒட்டிய சீட்டு.